எறும்புக்குப் போட்ட வட்டம்

காக்கிச் சட்டை போட்டவனுக்கெல்லாம் ஒரு மிடுக்கு வந்துவிடும். துளசிங்கத்துக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது. அப்பாவும் தாத்தாவும் சிட்லபாக்கம் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைத்தவர்கள். நிலம் பங்கு பிரிந்து பிரிந்து, அவன் தலைமுறைக்கு வந்தபோது மாடு திரும்பக்கூட இடமில்லாத துண்டாகிவிட்டது. அதை அண்ணன் கட்டிக்கொண்டு அழட்டும் என்று விட்டுவிட்டு, மலேரியா ஒழிப்பில் மருந்தடிக்கிற வேலைக்குச் சேர்ந்தான்.

அறுபதுகளில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மருந்தடிக்கிறவர்கள் முறை வைத்து வருவார்கள். வாளித் தண்ணீரில் டி.டி.டி. பொடியைக் கரைத்து வைத்து, ஒருவன் பம்பு அடிக்க, இன்னொருவன் நீளக் குழலைப் பிடித்து வீட்டுச் சுவர்களில் பீய்ச்ச வேண்டும். முடிந்ததும் வாசல் பக்கத்துச் சுவரில் காவியால் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். குழல் பிடிப்பவன் துளசிங்கம். பம்பு அடிப்பவனைவிடத் தான் ஒரு படி மேல் என்பது அவனுடைய எண்ணம். பம்பு அடிப்பவர்கள் அப்படி நினைக்கவில்லை.

ஆனால் குழல் பிடிப்பதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று இருந்தது. அது கதவைத் திறக்க வைப்பது. சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், நாற்றம் போகாது, சட்டி பானையை எல்லாம் மூடி வைக்க வேண்டும். எந்தப் பெண்பிள்ளைதான் சந்தோஷமாக உள்ளே விடுவாள்? வாசலிலேயே நின்று வழக்கு பேசுவார்கள். அங்கேதான் துளசிங்கம் தேவைப்பட்டான். "ஒண்ணும் ஆவாதும்மா" என்று அவன் சொன்னால், அதில் ஒரு நிச்சயம் இருக்கும். அப்படியும் நம்பாதவர்களுக்கு ஒரு வித்தை வைத்திருந்தான். வாளிக்குள் விரல் நுனியை முக்கி நாக்கில் வைத்துக் காட்டுவான். பயிற்சியின்போது ஒரு பெரிய ஆபீசர் அப்படிச் செய்ததைப் பார்த்திருந்தான். அவர் பின்னால் போய்க் கைக்குட்டையில் துப்பினாரா என்று அவன் பார்க்கவில்லை.

கோவிலம்பாக்கத்தில் ஒரு தடவை அந்த வித்தையும் பலிக்காமல் போனது. அங்காளம்மாள் என்கிற பெண் கையில் முறத்தோடு வாசலை மறித்து நின்றாள்.

"போன தபா நீங்கோ அட்ச்சிட்டுப் போனீங்கோ, மறாநாளு என் பூனை கையும் காலும் இழுத்துகினு செத்துப்போச்சு. இந்தத் தபா யாரக் கொல்ல வந்துகீறீங்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். துளசிங்கமும் சிரித்தான். குழுவுக்கு மேஸ்திரி குப்புராஜ், "பூனை எலியத் துன்னுச்சு, எலி எத்தத் துன்னுச்சோ" என்றார். முறம் கொஞ்சம் தாழ்ந்தது, வேலை நடந்தது. அடுத்த தெருவுக்கு நடக்கும்போது குப்புராஜ் அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நெறைய வூட்ல இத்தத்தான் சொல்றாங்கடா. பூனைக்கு ஒத்துக்காது போலக் கீது. அத்த நாம்பளே சொன்னா எவ கதவத் தொறப்பா? நீ பாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிகினே இரு."

துளசிங்கம் அதைக் காதில் வாங்கினான், மனசில் வாங்கவில்லை. பூனைக்காகக் கவலைப்படுவது அவனுடைய உத்தியோகத்தில் சேராது.

சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றில் ஞானம்மாள் டீச்சர் இருந்தார். தாம்பரத்தில் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் காலமெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட இருந்தது பஞ்சு என்கிற வெள்ளைப் பூனை மட்டும். மருந்தடிக்க வந்தவர்களுக்கு மற்ற வீடுகளில் வெளியே நிற்க வைத்துச் சொம்புத் தண்ணீர் நீட்டுவார்கள். சில வீடுகளில் அதுவும் கிடையாது. ஞானம்மாள் டீச்சர் முன்னறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருப்பா" என்பார். எவர்சில்வர் டம்ளரில் காபி வரும். காவியில் தேதி எழுதும்போது, "எட்டு ஏன் இப்படிச் சாய்ஞ்சு விழுது? நேரா எழுது" என்பார். அதற்காகவே துளசிங்கத்தின் கையெழுத்து திருந்தியது. அந்தத் தெருவில் மட்டும்தான்.

மருந்தடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்லபடியாக நடத்துகிற வீடுகளுக்கு மூட்டைப்பூச்சிக்கும் எறும்புக்கும் என்று ஒரு பிடி பொடியை டப்பாவில் எடுத்து வைத்துக் கொடுப்பார்கள். சர்க்கார் சொத்துதான். ஆனால் கோவில் பிரசாதம் மாதிரி அதைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. டீச்சருக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று துளசிங்கத்துக்கு வெகுநாள் ஆசை. அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

அந்த வருஷம் கோடை முடிகிற நேரத்தில் கேட்டார்.

"துளசிங்கம், பஞ்சு குட்டி போட்டிருக்கா. சமையல்கட்டுல பெட்டிக்குள்ள வெச்சிருக்கேன். செவ்வெறும்பு வருது. போன ஈத்துல ஒரு குட்டியோட கண்ணை எறும்பு அரிச்சிடுச்சுப்பா, என்னால பார்க்க முடியல. உங்க பொடி கொஞ்சம் போட்டா எறும்பு வராதாமே?"

"கிட்டயே வராதும்மா."

"பூனைக்கு ஒண்ணும் ஆகாதே?"

அந்த நேரத்தில் கோவிலம்பாக்கத்து முறம் அவன் நினைவுக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. ஓரமாக வந்து நின்றது. ஆனால் டீச்சரம்மா முதல் தடவையாக அவனிடம் ஒன்று கேட்டிருக்கிறார், அவன் பேச்சை நம்பி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த முகத்திடம் "எனக்குச் சரியாத் தெரியாதும்மா" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் ஆவாதும்மா" என்றான். பொடியை விரலில் தொட்டு நாக்கிலும் வைத்துக் காட்டினான்.

வட்டத்தையும் அவனே போட்டான். கோலமாவு மாதிரி விரலிடுக்கில் பொடியை விட்டு, பெட்டியைச் சுற்றி எங்கேயும் விட்டுப்போகாமல் இழுத்தான். பஞ்சு பெட்டிக்குள் படுத்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. மீதிப் பொடியை டப்பாவோடு அலமாரியில் வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனான். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பின்னாளில் நினைத்தால் அவனுக்கே தன்மேல் கோபம்தான் வந்தது.

சில நாள் கழித்து, ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பினான். டீச்சர் பின்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய துணி, துணிக்குள் பஞ்சு. அதன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. காதும் மீசையும் துடித்தன. பின்னங்கால் இழுத்து இழுத்து விட்டது.

"எறும்பு ஒண்ணுகூட வரல துளசிங்கம்" என்றார் டீச்சர். நன்றியைத்தான் முதலில் சொன்னார். "இவளுக்குத்தான் என்ன வந்துதுன்னு தெரியல. பெட்டியில தங்கவே மாட்டேன்னுட்டா. குட்டியை ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு வெளிய வெளிய ஓடினா. வெளிய விட்டா எறும்பு வந்துடுமேன்னு நான் திரும்பத் திரும்பப் பெட்டியிலயே கொண்டுவந்து வெச்சேன். அவளும் திரும்பத் திரும்பத் தூக்கிட்டுப் போனா."

துளசிங்கம் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அவன் அவ்வளவு அழகாக இழுத்திருந்த வட்டம் கலைந்து கிடந்தது. அதன் மேலேயும் வெளியேயும், போவதும் வருவதுமாக, சின்னச் சின்ன வெள்ளைக் கால் தடங்கள். ஒவ்வொரு தடவையும் மிதித்திருக்கிறது. பூனை காலை நக்காமல் இருக்குமா? அந்தக் காலை நக்கிய நாக்கால்தான் குட்டிகளையும் நக்கியிருக்கும்.

கையும் காலும் இழுத்துகினு செத்துப்போச்சு என்று அங்காளம்மாள் சொன்னபோது தான் சிரித்த சிரிப்பு அவன் காதில் கேட்டது. வாயைத் திறந்தான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வாயை மூடிக்கொண்டான்.

பஞ்சு அன்றைக்கே போய்விட்டது. முருங்கை மரத்தடியில் குழி வெட்டியவன் துளசிங்கம்தான். பெட்டியில் இருந்த குட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரே ஒரு குட்டி தப்பியது. பஞ்சு முதலில் தூக்கிக்கொண்டு போய்ப் பரண்மேல் பழைய பானைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்த குட்டி. டீச்சர் கண்ணில் படாததால் அவரால் அதைத் திரும்பப் பெட்டியில் கொண்டுவந்து வைக்க முடியவில்லை. பசியில் அது கத்தியபோதுதான் கண்டுபிடித்தார். துணியைத் திரியாக்கிப் பாலில் நனைத்து அதன் வாயில் வைத்தார்.

மறுபடி துளசிங்கம் வந்து நின்றபோது டீச்சர் கையில் அந்த டப்பா இருந்தது.

"இது ஒண்ணுதான் மிஞ்சியிருக்கு. இதையாவது எறும்புகிட்டயிருந்து காப்பாத்தணும். வட்டம் கலைஞ்சுபோச்சு பாரு. இன்னொரு தடவை போட்டுடுப்பா."

டப்பாவை நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டான். இப்போதாவது சொல்லிவிட வேண்டியதுதானே? ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல், அவன் வேறொன்று சொன்னான்.

"இல்லம்மா, இது பழைய ஸ்டாக். ஆபீஸ்ல திருப்பி வாங்கிகினு வரச் சொல்லிட்டாங்கோ. போட்டதையும் கழுவி உடச் சொல்லி ஆர்டர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பிறகு முட்டி போட்டுத் தரையைக் கழுவினான். சோப்பும் தேங்காய் நாரும் போட்டு, பெட்டி இருந்த இடம், அடுப்பங்கரை, பின்கட்டு வரைக்கும் அந்தக் கால் தடங்கள் போன வழியெல்லாம் தேய்த்தான். தடம் அழிந்த பிறகும் தேய்த்தான். பெட்டியை வெளியே கொண்டுபோய் எரித்தான். குட்டியை ஈரத் துணியால் துடைத்தான். ஒரு முக்காலியின் கால்களுக்கடியில் கொட்டாங்குச்சிகளை வைத்துத் தண்ணீர் ஊற்றி, முக்காலிமேல் கூடை வைத்து, அதற்குள் குட்டியை விட்டான். தண்ணீரைத் தாண்டி எறும்பு வராது. அவன் வீட்டில் நெய்ச் சட்டிக்கு அவன் அம்மா செய்கிற வேலைதான் அது. அது அவனுக்கு முதலிலிருந்தே தெரியும்.

டீச்சர் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை. காபியை நின்றுகொண்டே குடித்தான்.

டப்பாவை எங்கே எறிவது என்று தெரியாமல் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றான். தண்ணீரில் எருமைகள் கிடந்தன. கடைசியில் ஸ்டோருக்கே எடுத்துப்போய் மூட்டைக்குள் கொட்டினான். குப்புராஜ் பார்த்துவிட்டார். "இன்னாடா, மருந்த உள்ள கொட்றே? வெளிய எட்த்துகினு போறவனத்தான் நான் பாத்துகீறேன்" என்றார்.

அதற்குப் பிறகு துளசிங்கம் விரலை நாக்கில் வைக்கவில்லை. "ஒண்ணும் ஆவாது" என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாசலிலும் முதல் கேள்வி, "பூனை கீதாம்மா? கோழி?" என்பதுதான். இருக்கிறது என்றால் தானே பிடித்துப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவான். அவை குடிக்கிற தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்து வைப்பான். "அதுக்கு ஆவாது. தரையத் தொடச்சிட்டு, காஞ்சப்புறம் உள்ள உடு" என்பான். பல பேர் அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "நீ மருந்தடிக்க வந்தியா, பூனைக்குப் புள்ளப்பேறு பாக்க வந்தியா?"

கோவிலம்பாக்கத்து முறை வந்தபோது அங்காளம்மாளிடமும் போய் நின்றான். "நீ அன்னிக்கு சொன்னது நெசம்தாம்மா. எங்க மருந்தாலதான் உன் பூனை செத்துச்சு" என்றான். அவள் முறத்தைத் தூக்கவில்லை, வாயால்தான் வாங்கினாள். அவனையும் அவன் காக்கிச் சட்டையையும் அவனைப் பெற்றவர்களையும் தெருவே கேட்கத் திட்டித் தீர்த்தாள். தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டான். திரும்பி நடக்கையில் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. முறத்தோடு நின்றவளிடம் சொல்ல முடிந்தது. நாற்காலி போட்டவரிடம்தான் சொல்ல முடியவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? அவனுக்குப் பூனைக்கார துளசிங்கம் என்று பேர் வைத்தது. கேலியாக ஆரம்பித்தது, போகப் போக மரியாதையாகிவிட்டது. "வாயில்லா ஜீவன்னா எங்க வூட்டுக்காரருக்கு உசிரு" என்று மனைவி சாமுண்டீஸ்வரி குழாயடியில் பெருமை பேசினாள். அதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம், புகழ்ந்தால் எங்கே போய் ஒளிவது?

டீச்சர் வீட்டுத் தெருவை முடிந்தவரை வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டான். தப்ப முடியாத முறைகளில் போனபோது, குட்டி அவன் காலைச் சுற்றிக்கொண்டு வரும். வளர்ந்து பெரிய பூனையான பிறகும் அதற்குக் குட்டி என்றே பெயர். டீச்சர் நாற்காலி போடுவார், காபி தருவார். "உன்னால பிழைச்ச பூனை" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அவன் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவன் காவியை எடுத்துக்கொண்டு தேதி எழுதப் போய்விட்டான். எட்டு சாய்ந்து விழுந்தது. அதை அவர் திருத்தச் சொல்லவில்லை.

பிறகு ஒரு வைகாசியில் டீச்சரிடமிருந்து ஆள் வந்தது. நாகர்கோவிலில் தங்கையோடு இருக்கப் போகிறார், வந்துவிட்டுப் போகச் சொன்னார் என்று. துளசிங்கம் போனபோது ஸ்டேஷனுக்குச் சாமான் கொண்டுபோக வாசலில் மாட்டு வண்டி நின்றது. கட்டில், பீரோ, அந்த நாற்காலி எல்லாம் ஏறிவிட்டிருந்தன. சமையல்கட்டு காலியாக இருந்தது. டீச்சர் ஒரு மூங்கில் கூடையின் மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கூடைக்குள் குட்டி கத்தியது.

"தங்கச்சிக்குப் பூனைன்னா ஆகாது. உன்கிட்ட விட்டுட்டுப் போறேன். இந்த ஊர்ல பூனையை உன்ன மாதிரி பத்திரமாப் பார்த்துக்கிறவங்க யாரு இருக்காங்க?"

கூடையை அவன் பக்கம் தள்ளினார். துளசிங்கம் அதைத் தொடவில்லை.

"டீச்சரம்மா, பஞ்சு அந்தப் பொடியாலதான் செத்துச்சு. குட்டிங்களும் அதாலதான். நான் குட்த்தது, நானே போட்டது. நீங்கோ கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேன்."

டீச்சர் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்பலேர்ந்தும்மா?"

"நீ முட்டி போட்டுத் தரையைக் கழுவினியே, அன்னைக்கே. சர்க்கார் ஆர்டருக்காக யாரும் அப்படித் தேய்க்க மாட்டாங்க."

"அப்போ இன்னாத்துக்கும்மா எனக்குக் காபி குட்த்தீங்கோ? ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாமே."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார் டீச்சர். அவருடைய குரலில் கோபம் இல்லை. அப்போதுதான் அது லேசாக உடைந்தது. "நீ போட்டது ஒரு வட்டம். அவ வேண்டாம் வேண்டாம்னு குட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினா. பிடுங்கிப் பிடுங்கி அதுக்குள்ளயே கொண்டுபோய் வெச்சது நான். அதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? உன்கிட்டத்தான் சொல்லலாம். நீ வாயைத் திறந்தாத்தானே நானும் திறக்க முடியும். ஒவ்வொரு தடவையும் நாற்காலியைப் போட்டுட்டுப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ உட்காரவே இல்ல."

தன் வெட்கத்தைத் தான் ஒருவனே சுமப்பதாக இத்தனை நாளும் நினைத்திருந்தான். அதிலும்கூட அவர் அவனுக்காகக் காத்திருந்திருக்கிறார், அவன் வரவில்லை. செத்த பூனைக்காகப் பட்ட வெட்கத்தைவிட இது பெரிதாக இருந்தது.

வெளியே வண்டிக்காரன் நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். டீச்சர் வண்டிக்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, வெறும் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தார். முன்பு பெட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில். துளசிங்கமும் எதிரே உட்கார்ந்து, கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். குட்டி கத்துவதை நிறுத்தியது.

"அவளுக்குப் பரண்மேல ஏறணும்னு எப்படித் தோணுச்சோ" என்று டீச்சர் ஆரம்பித்தார்.